பத்தில் ஏழு

நியூ ஜெர்சியில், எடிசனில் இருந்து பார்சிப்பனிக்குக் காலையில் கிளம்பும் அந்தச் சாம்பல் நிறக் காரில் பாட்டு ஓடாது. அயோவா மாநிலத்தின் ஏதோ ஒரு சின்ன ஊர் ரேடியோ போன் வழியாக ஓடும். ஒருவர் நிதானமான குரலில் சோளம் என்ன விலை, சோயா என்ன விலை, பன்றி என்ன விலை என்று வாசிப்பார். பிறகு அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாடு என்ன என்று சொல்வார். அப்புறம் கூடைப்பந்து ஸ்கோர். கடைசியில் அந்த வட்டாரத்தில் இறந்துபோனவர்களின் பெயர்கள், அடக்கம் எந்த சர்ச்சில், அதன் பிறகு காபி எந்த ஹாலில் என்பது வரை. எங்களுக்கு முன்னால் ஃப்ரீவேயில் பிரேக் விளக்குகள் சிவப்பாக நீண்டு கிடக்கும். ராத்தா ஸ்டியரிங்கில் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு, மற்றவர்கள் சினிமாப் பாட்டு கேட்பது போல அதைக் கேட்டுக்கொண்டிருப்பார். பன்றி விலை வரும்போது மட்டும் "அது நமக்கு வேணாம்" என்பார். ஆனால் சத்தத்தைக் குறைக்க மாட்டார்.

அவர் கீழக்கரைக்காரர். அங்கே அக்காவை ராத்தா என்பார்கள். நான் கோவில்பட்டி. முதல் நாள் அக்கா என்றுதான் கூப்பிட்டேன். ஆபீஸில் அக்கா என்று யாரோ கூப்பிட்டால் எந்த அக்கா என்று நாலு பேர் திரும்புகிறோம், நீ ராத்தான்னே கூப்பிடு என்றார். அப்படியே பழகிவிட்டது.

நாங்கள் இருவரும் ஒரு பயிர்க் காப்பீட்டு நிறுவனத்தில் வேலை பார்த்தோம். ஆலங்கட்டி மழையில் சோளம் அடிபட்டால் எந்த வட்டாரத்தில் எவ்வளவு நஷ்டம் வரலாம் என்று முன்கூட்டியே கணிக்கிற பிரிவில் அவர். அந்தக் கணிப்பு திரையில் ஒழுங்காக வருகிறதா என்று சோதிக்கிற பிரிவில் நான். அயோவா, நெப்ராஸ்கா, தெற்கு டகோடா என்று அத்தனை மாநிலங்களின் கவுன்ட்டிகளும், அதாவது மாவட்டங்களும், ராத்தாவுக்கு மனப்பாடம். ஒரு கவுன்ட்டியின் பெயரைச் சொன்னால் அங்கே எந்த மாதம் கல் விழும், மண் எப்படி, ஊருக்கு ஊர் எவ்வளவு தூரம் என்று சொல்வார். ஒன்றையும் நேரில் பார்த்ததில்லை. விமானத்தில் மேலே பறந்தபோது எட்டிப் பார்த்ததாகவும் மேகம்தான் தெரிந்தது என்றும் ஒருமுறை சொன்னார்.

தேர்தல் வருடத்தில் இந்த அறிவுக்கு வேறொரு வேலை வந்துவிடும். ஜனாதிபதித் தேர்தலுக்கு முன்னால், கட்சிக்குள் யார் நிற்பது என்று ஒவ்வொரு மாநிலமாக ஓட்டுப் போட்டு முடிவு செய்வார்கள். பெரிய மாநிலங்கள் எல்லாம் கைகட்டிக் காத்திருக்க, வயல்காட்டு மாநிலங்கள் முதலில் பேசும். அங்கே தோற்றவர்களில் பாதிப் பேர் மறுநாளே கடையைக் கட்டிவிடுவார்கள். ஆகவே பனி மூடிய ஏதோ ஒரு கவுன்ட்டியில், பள்ளிக்கூட விளையாட்டு அறையில் ஓட்டுப் போடக் கூடுகிற ஒரு கூட்டம், எடிசனில் யார் வேலைக்குப் போகலாம் யார் போகக்கூடாது என்பதை முடிவு செய்கிற நிலைமை வந்துவிடும். அப்படித்தான் எங்களுக்குத் தோன்றியது. எங்களில் யாருக்கும் ஓட்டு இல்லை.

கிரீன் கார்டுக்காகக் காத்திருக்கிறவர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்று இருந்தது. நியூ ஜெர்சி, டெக்ஸாஸ், கலிஃபோர்னியா என்று எல்லா இடத்துத் தமிழர்களும் அதில் உண்டு. மில்பிடாஸில் இருந்த ஒரு அங்கிள்தான் அட்மின். ராத்தா சொல்வதை அவர் ஒவ்வொரு வாரமும் வாங்கிப் போடுவார். ராத்தா யாரையும் ஜெயிப்பார், தோற்பார் என்று சொல்ல மாட்டார். பத்துக்கு எத்தனை என்று சொல்வார். பத்தில் ஏழு என்றால், இதே நிலைமை பத்துத் தடவை வந்தால் ஏழு தடவை இவர் ஜெயிப்பார், மூன்று தடவை தோற்பார். இதை அவர் பொறுமையாக எத்தனையோ முறை எழுதியிருக்கிறார். படிக்கிறவர்கள் ஏழு என்றால் நிச்சயம் என்றே எடுத்துக்கொள்வார்கள். ஏழு என்பதை நம்பி ஒருவர் வீடு வாங்கினார். நாலை நம்பி ஒருவர் பெட்டி கட்டினார். ஒவ்வொன்றையும் கேள்விப்படும்போது ராத்தாவின் முகம் சுருங்கும். "நான் மூணையும் சேர்த்துத்தானே புள்ள சொன்னேன்" என்பார்.

அந்த எண்ணை அவர் யாருக்காகவும் நகர்த்தியதில்லை. இதுதான் ராத்தா. நான் சொல்ல வருகிற மற்றதெல்லாம் இதைச் சுற்றித்தான்.

எனக்கு வேலை விசாக் குலுக்கலில் பெயர் விழுமா என்று ஒருமுறை கேட்டேன். மூணு என்றார். ஆறுதலாக ஒரு வார்த்தை சேர்ப்பார் என்று காத்திருந்தேன். சிக்னல் பச்சை ஆனது, போய்விட்டோம். அன்று சாயங்காலமே நான் டெக்ஸாஸில் மேல்படிப்புக்கு விண்ணப்பம் எழுத உட்கார்ந்தேன். இன்று அதே டெக்ஸாஸில் ஃபிரிஸ்கோவில் இருக்கிறேன் என்றால் அந்த மூணுதான் காரணம். ஆனால் அந்த நேரத்தில் அவர்மேல் எனக்குக் கோபம்தான் வந்தது.

அபார்ட்மெண்ட் ஹாலில் ஒரு பெருநாள் விருந்து நடந்தது. கவிதா என்று ஈரோட்டுப் பெண் ஒருத்தி, அவள் கணவர் விசா முத்திரைக்காகச் சென்னை போனவர் திரும்ப முடியாமல் மாட்டிக்கொண்டிருந்தார். கையில் தட்டோடு ராத்தாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அந்த வருடம் களத்தில் முக்கியமாக இரண்டு பேர். ஒருவர் எப்போதும் ஸ்வெட்டரில் வருவார். இன்னொருவர் முதல் கூட்டத்துக்கு டிராக்டரில் வந்து இறங்கினார். நாங்கள் அவர்களை ஸ்வெட்டர், டிராக்டர் என்றே சொல்வோம், ஆபீஸில் யார் காதில் விழுந்தாலும் புரியாது என்பதற்காக. வேலை விசாவில் இருக்கிறவர்களின் கணவன் மனைவிக்குக் கொடுக்கிற வேலை பெர்மிட்டை முதல் மாதமே ரத்து செய்வேன், விசாக்களைப் பாதியாக்குவேன் என்று டிராக்டர் மேடைக்கு மேடை சொல்லிக்கொண்டிருந்தார். அந்தக் கட்சியில் யார் நிற்கிறாரோ அவர்தான் ஜனாதிபதி என்று எல்லோரும் நம்பிய வருடம் அது.

கவிதா கேட்டாள், அயோவாவில் ஸ்வெட்டருக்கு எத்தனை என்று. ஆறு என்றார் ராத்தா.

"எட்டுன்னு சொல்லுங்கக்கா. எனக்கு மட்டும். ஒரு நாளாவது நிம்மதியாத் தூங்கிக்கிறேன்."

ராத்தா அவள் தட்டில் இன்னொரு துண்டு கறியை வைத்தார். "ஆறுக்குத் தூங்கலாம்மா. முழுசாத் தூங்க முடியாது, அவ்வளவுதான்."

கவிதா சிரித்தாள் என்றுதான் முதலில் நினைத்தேன். அழுதுகொண்டிருந்தாள். ராத்தா அவள் முதுகைத் தடவிக்கொடுத்தபடி நெடுநேரம் உட்கார்ந்திருந்தார். எண் ஆறிலேயே இருந்தது.

தப்பே செய்யாதவர் என்று நினைத்துவிடக் கூடாது. அமெரிக்கா வந்த புதிதில் அவர் போட்ட முதல் கணிப்பு படுதோல்வி. அப்போதும் ஒரு வயல்காட்டு மாநிலம்தான். ஒரு வேட்பாளருக்குக் கூட்டம் அலைமோதுவதை டிவியில் காட்டினார்கள். ராத்தா ராமநாதபுரத்துக் கூட்டங்களைப் பார்த்து வளர்ந்தவர். வேனில் ஏற்றி வருவார்கள், பொட்டலம் கொடுப்பார்கள், தலைவர் பேசி முடிக்கும்முன் முக்கால்வாசிப் பேர் வேனுக்குள் ஏறியிருப்பார்கள். கூட்டத்துக்கும் ஓட்டுக்கும் சம்பந்தமே இல்லை என்பது அவருக்குத் தாய்ப்பாலோடு வந்த அறிவு. இரண்டு என்றார். அந்த ஆள் வாரிக்கொண்டு போனார். அந்த ஊர்க்காரர்கள் பனியில் தங்கள் சொந்த டிரக்கை ஓட்டிக்கொண்டு, சொந்தப் பெட்ரோலில், சும்மா கேட்பதற்காக வந்திருந்தார்கள். பொட்டலம் கூட இல்லாமலா என்று ராத்தா வாய்விட்டு ஆச்சரியப்பட்டாராம்.

அதற்குப் பிறகுதான் ரேடியோ வந்தது. கருத்துக் கணிப்புகளையும் பார்ப்பார், ஆனால் ரேடியோவுக்குத்தான் காது. எந்த வேட்பாளரின் கூட்டம் பெரிய விளையாட்டு அறையில் இருந்து நூலகத்தின் பின்னறைக்கு மாறியிருக்கிறது என்பதை அறிவிப்பில் பிடித்துவிடுவார். யார் வீட்டு அம்மா ஆப்பிள் பை சுட்டுக் கொண்டுவருகிறார் என்பதைக் கவனிப்பார். "கூட்டத்தை எண்ணாத புள்ள. கூட்டம் முடிஞ்சப்புறம் நாற்காலியை யாரு மடக்கி வைக்கிறாங்கன்னு பாரு" என்பார். அந்த ஊர் ரேடியோவில் இதையும் சொல்வார்கள். நேற்று இரவு நின்று நாற்காலிகளை மடக்கிக்கொடுத்த இன்னின்னாருக்கு நன்றி என்று. அது கட்சி அனுப்பிய ஆட்களா, உள்ளூர் ஆட்களா என்று ராத்தா பெயர்களை வைத்தே கண்டுபிடிப்பார். இறந்தவர்களின் பட்டியலில் அந்தக் குடும்பப் பெயர்கள் அடிக்கடி வந்திருக்கும் அல்லவா.

அந்தக் குளிர்காலம் முழுக்க நாற்காலிகள் டிராக்டர் பக்கம் போய்க்கொண்டிருந்தன. ஆறு ஐந்தானது.

ஐந்தாக இருந்தபோது கனடாவில் வின்னிபெக்கில் இருந்து ஒரு வேலை வந்தது. அதுவும் பயிர்க் காப்பீடுதான். ராத்தா கேட்டுப் போகவில்லை, யாரோ அவரைப் பற்றிச் சொல்லி அவர்களே கூப்பிட்டார்கள். குடும்பத்தோடு போகலாம், அவர் கணவரும் அங்கே தாராளமாக வேலை பார்க்கலாம். பதில் சொல்ல வேண்டிய கடைசி நாள் ஒரு வெள்ளிக்கிழமை. அயோவாவில் ஓட்டுப் போடுகிற கூட்டங்கள் அதற்கு அடுத்த திங்கட்கிழமை. அவர்களிடம் ஒரு வாரம் தள்ளிக் கேட்டுப் பார்த்தார். முடியாது என்று மரியாதையாக எழுதிவிட்டார்கள்.

ஊருக்கெல்லாம் எண் சொல்கிறவர் அதுவரை அந்த எண்ணை வைத்து எதையும் செய்ததில்லை. இப்போது முடிவு தெரிவதற்கு முன்பே, வெறும் எண்ணை வைத்து வீட்டைப் பெயர்க்க வேண்டும், அல்லது பெயர்க்காமல் இருக்க வேண்டும்.

ராத்தாவின் கணவரை நான் அண்ணன் என்பேன். அதிகம் பேசாதவர். ராத்தாவின் விசாவில் ஒட்டிக்கொண்டு வந்தவர், வந்து பல வருடம் வேலை செய்ய அனுமதி இல்லாமல் வீட்டில் இருந்தார். மகள் நஸ்ரினைப் பள்ளிக்கூடத்தில் விடுவது, கூட்டிவருவது, சமைப்பது எல்லாம் அவர்தான். ஊரில் இருந்து போன் வந்தால் மாப்பிள்ளை என்ன பண்றாப்புல என்று கேட்பார்களாம். இருக்காங்க என்பாராம் ராத்தா. பிறகு அந்த வேலை பெர்மிட் வந்தது. எடிசனில் ஒரு கிடங்கில், எந்த லாரி எந்நேரம் எந்தக் கதவுக்கு வர வேண்டும் என்று பார்க்கிற வேலை கிடைத்தது. முதல் மாதம் அண்ணன் சாப்பாட்டு மேஜையில் லாரிகளைப் பற்றி மட்டுமே பேசினார் என்று நஸ்ரின் எனக்குச் சொல்லியிருக்கிறாள். அதற்கு முன்னால் அவர் எதைப் பற்றியும் அவ்வளவு நேரம் பேசி அவள் கேட்டதில்லையாம். டிராக்டர் ரத்து செய்வேன் என்று சொன்னது அந்தப் பெர்மிட்டைத்தான்.

ராத்தா ஊருக்கு எண் சொன்னாரே தவிர, அண்ணன் ஒருநாளும் அவரிடம் எண் கேட்டதில்லை. குழுவிலும் அவர் இல்லை.

கெடு வாரத்தின் புதன்கிழமை மதியம் ராத்தா என்னைப் பார்க்கிங்குக்கு வரச் சொன்னார். காரில் உட்கார்ந்து இருவரும் ஆளுக்கொரு டப்பாவைத் திறந்தோம். அந்த ரேடியோவில் பழைய சாமான் விற்கிற நிகழ்ச்சி ஒன்று உண்டு. யார் வேண்டுமானாலும் போன் செய்து, என்னிடம் இந்த மேஜை இருக்கிறது, இந்த நாய்க்குட்டி இருக்கிறது என்று சொல்லி நம்பர் கொடுக்கலாம். அன்று காலை ஒரு பெண்மணி பெரிய ஃப்ரீசர் ஒன்று விற்பனைக்கு என்று சொல்லியிருந்தார். அவர் கவுன்ட்டியின் பெயரைக் கேட்டதும் ராத்தா நம்பரைக் குறித்துக்கொண்டார். அந்தக் கவுன்ட்டி எப்படிப் போகிறதோ அப்படித்தான் மாநிலம் போகும் என்பது அவருடைய கணக்கு.

"என்னத்துக்கு ராத்தா?"

"ஒருத்தர் குரலையாவது நேரா கேட்டுப் பாத்துர்றேன். அஞ்சுக்கு என்னத்த முடிவு பண்றது."

ஸ்பீக்கரில் போட்டார். அந்தம்மா பேசியது ஆங்கிலம், எனக்கு அது ஏனோ தமிழிலேயே ஞாபகம் இருக்கிறது. ராத்தா ஃப்ரீசரின் மூடியில் ரப்பர் நன்றாக இருக்கிறதா, மோட்டார் சத்தம் போடுமா என்று உண்மையிலேயே வாங்கப் போகிறவர் போல விசாரித்தார். பையன்கள் வெளியூர் போய்விட்டார்கள், மாடுகளை விற்றுவிட்டோம், இவ்வளவு பெரிய பெட்டி எதற்கு என்றார் அந்தம்மா. பனியைப் பற்றிப் பேசினார்கள். திங்கட்கிழமைக் கூட்டத்துக்குப் போவீர்களா என்று ராத்தா கேட்டார். போகாமலா, காபி ஊற்றுவதே நான்தான் என்றார் அவர். ஸ்வெட்டர் நல்ல மனிதர் என்றார். எங்கள் வீட்டுக்கு வந்து சமையலறையில் உட்கார்ந்து பேசிவிட்டுப் போனார், என் அம்மாவின் உடம்பைப் பற்றி விசாரித்தார், அப்படியொரு மரியாதை. அவரைக் குறைசொல்ல எதுவும் இல்லை. ஆனால் வீட்டுக்காரரும் கொழுந்தன்மாரும் இந்த முறை டிராக்டருக்கு என்று முடிவு செய்துவிட்டார்கள், பார்க்கலாம்.

ராத்தா ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டார்.

அப்புறம் அந்தம்மா கேட்டார், நீங்கள் யாருக்கு என்று.

எனக்கு ஓட்டு இல்லை, நான் குடியுரிமை பெற்றவள் இல்லை என்றார் ராத்தா. அது இருக்கட்டும், நான் ஓட்டைக் கேட்கவில்லை, உங்களுக்கு யார் வந்தால் தேவலை என்று கேட்டேன் என்றார் அந்தம்மா. ராத்தா டப்பாவின் மூடியை எடுத்து அழுத்தி மூடினார். நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன், ஸ்வெட்டர் என்று சொல்ல ஒரு நொடி ஆகாது. கடைசியில், ஃப்ரீசரைப் பற்றி வீட்டில் கேட்டுவிட்டுக் கூப்பிடுகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டார்.

கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டு, "நல்ல மனுசன், மரியாதைக்காரர்னு சொன்னா பாரு. மவுத்தானவங்களப் பத்திப் பேசுற மாதிரி பேசுறா புள்ள" என்றார். மவுத்தானவர்கள் என்றால் இறந்தவர்கள்.

அன்று மாலை குழுவில் ராத்தாவின் எண் மாறியது. டிராக்டருக்கு ஏழு. மில்பிடாஸ் அங்கிள் பதறிப்போய் நாலு கேள்விக்குறி போட்டார். ஒருவர் தன் கணக்குப்படி ஸ்வெட்டர்தான் என்றும் ராத்தாவுக்கு இந்த முறை சறுக்கும் என்றும் எழுதினார்.

வெள்ளிக்கிழமை என்னைச் சாப்பிடக் கூப்பிட்டார். ஏன் என்று சொல்லவில்லை. வீட்டில் மற்ற இரண்டு பேரோடு தனியாக அந்தப் பேச்சைப் பேச அவருக்குத் தைரியம் வரவில்லை என்று நினைக்கிறேன். சோறும், அவர்கள் ஆணம் என்கிற மீன் குழம்பும் சாப்பிட்டு முடித்தோம். லேப்டாப் மேஜையின் ஓரத்தில் திறந்தபடி இருந்தது. வின்னிபெக்குக்கு எழுத வேண்டிய பதில் பாதியில் நின்றது.

ராத்தா எனக்குப் பழக்கமான குரலில், ஆபீஸ் மீட்டிங்கில் பேசுவது போல ஆரம்பித்தார். திங்கட்கிழமை டிராக்டருக்கு ஏழு. அங்கே ஜெயித்தால் அதற்கப்புறம் அவரை நிறுத்துவது கஷ்டம். நிறுத்தாவிட்டால் வாப்பாவின் பெர்மிட் போகும். நஸ்ரினுக்கு இருபத்தொன்று ஆனால் அவளுக்கும் நம் கிரீன் கார்டு வரிசையில் இடம் இல்லை, தனியாக விசா தேட வேண்டும். ஆகவே வின்னிபெக். குளிர் அதிகம். பள்ளிவாசல் இருக்கிறது. விசாரித்துவிட்டேன்.

நஸ்ரினுக்குப் பதினேழு வயது. பள்ளியின் கடைசி வருடம். நாம் தமிழில் கேட்டால் அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். தட்டைப் பார்த்துக்கொண்டே, உம்மா, ஏழு எனக்குப் புரிகிறது, நீங்கள் என்ன ஆசைப்படுகிறீர்கள் என்று கேட்டாள். அதுதான் இப்போ சொன்னேனே என்றார் ராத்தா. இல்லை, நீங்கள் சொன்னது அயோவாக்காரர்கள் என்ன ஆசைப்படுகிறார்கள் என்பது என்றாள் அவள்.

அதே வாரத்தில் அதே கேள்வி இரண்டாவது தடவை. இந்த முறை போனை வைத்துவிட முடியாது. அண்ணன் கையைக் கழுவாமல் அப்படியே இருந்தார்.

"எனக்கு இங்கதான் இருக்கணும்னு இருக்கு" என்றார் ராத்தா. ஏதோ தப்பைச் சொல்லிவிட்டது போல உடனே எழுந்துபோய்த் தண்ணீர் எடுத்துவந்தார். வந்து உட்கார்ந்து, காரணமாகச் சொன்னவை எல்லாம் சில்லறையானவை. இந்த ஊர் ரோடுகளில் இப்போதுதான் பயமில்லாமல் ஓட்டுகிறேன். கறிக்கடைக்காரர் எலும்பு எடுத்துவைத்துக் கூப்பிடுகிறார். இன்னொரு ஊரில் முதலில் இருந்து எல்லோருக்கும் என் பெயரை எழுத்துக் கூட்டிச் சொல்ல முடியாது.

"அப்ப இருப்போம்" என்றார் அண்ணன்.

"மச்சான், பத்துல ஏழு. உங்க வேலை போயிரும்."

"அதான் கேட்டேன்ல. இருப்போம். போச்சுன்னா பழையபடி நான் ஆணம் வைக்கிறேன். நீ வைக்கிறதுல புளி கூடிப்போவுது."

நஸ்ரின் சிரித்துவிட்டாள். ராத்தா சிரிக்கவில்லை. லேப்டாப்பை இழுத்து, பாதியில் இருந்த பதிலை அழித்துவிட்டு, மன்னிக்கவும் என்று தொடங்கி எழுதினார். அனுப்பும்முன் அண்ணன் பக்கம் ஒருமுறை பார்த்தார். அவர் கை கழுவப் போயிருந்தார்.

சனி ஞாயிறு நான் அவரைப் பார்க்கவில்லை. திங்கட்கிழமை காலை வண்டியில் ரேடியோ ஓடியது. அங்கே அன்று வெயில் அடிக்கும், பனி இல்லை என்று அறிவித்தார்கள். கூட்டம் நன்றாக வரும் என்று மட்டும் சொன்னார் ராத்தா.

செவ்வாய்க்கிழமை அவர் வழக்கமான நேரத்துக்கு வந்து நின்றார். கண்கள் சிவந்திருந்தன. டிராக்டர் ஜெயித்துவிட்டார். ராத்தா கணக்கு வைத்த அந்தக் கவுன்ட்டி, பக்கத்துக் கவுன்ட்டிகள், எல்லாம் அவர் எழுதிவைத்த மாதிரியே விழுந்திருந்தன. அவர் வாழ்நாளில் போட்ட கணிப்புகளிலேயே அவ்வளவு துல்லியமானது வேறு இல்லை. டாஷ்போர்டில் போன் துடித்துக்கொண்டே இருந்தது. குழுவில் கைதட்டல்கள். ராத்தா சொன்னா சொன்னதுதான் என்று ஒருவர். சறுக்கும் என்று எழுதியவர் நீளமாக ஒரு மன்னிப்பு. இனிமேல் டிவிக்காரர்களை எல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு நம் ராத்தாவைக் கேட்டால் போதும் என்று டல்லஸில் இருந்து ஒருவர். கவிதா மட்டும் எதுவும் எழுதவில்லை. கைதட்டல் ஓய்வதற்குள் மில்பிடாஸ் அங்கிள் கேட்டிருந்தார், அடுத்தது நியூ ஹாம்ப்ஷயர், ஸ்வெட்டருக்கு எத்தனை போடலாம் என்று.

இவ்வளவையும் நான்தான் படித்துச் சொன்னேன், அவர் ஓட்டிக்கொண்டிருந்ததால். ராத்தா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "மூணு" என்றார். "இழுத்துப் பிடிச்சா மூணு. அங்கயும் நாற்காலி இவங்க பக்கம் இல்ல." மூணு என்று குழுவில் போடச் சொன்னார். போட்டேன்.

ஃப்ரீவேயில் ஏறியதும் அண்ணனிடம் இருந்து போன் வந்தது. காருக்குள் ஸ்பீக்கரில் அவர் குரல் பெரிதாகக் கேட்டது. நஸ்ரின் பஸ் ஏறிவிட்டாள் என்றார். மதியத்துக்கு எடுத்துவைத்ததை மறந்துவிட்டுப் போய்விட்டாய் என்றார்.

"ஏன் புள்ள," என்றார், "அடுத்த ஊர்ல நம்ம ஆளுக்கு எப்படி? எத்தனை?"

இத்தனை வருடத்தில் அவர் அதைக் கேட்டது அதுதான் முதல் தடவை. ராத்தா கண்ணாடியைப் பார்த்தார், லேன் மாறினார். பின்னால் வந்த லாரி ஹார்ன் அடித்தது.

"எட்டு, மச்சான்."

"பத்துலயா?"

"பத்துலதான்."

"எட்டுன்னா நல்லாத்தானே இருக்கு" என்றார் அண்ணன். அவர் மூச்சு விடுவது எங்கள் இருவருக்கும் கேட்டது. "அப்ப சரி. நான் கெளம்புறேன். மூணாம் கதவுக்கு ரெண்டு லாரி ஒண்ணா வருது இன்னைக்கு."

"பாத்துப் போங்க" என்றார் ராத்தா.

நான் என் பக்கத்து ஜன்னலை விட்டுத் திரும்பவே இல்லை.